பழைய பத்திரிகையில் பாட்டன் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா பினாங்கில் ஒரு தமிழ் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அந்தப் பழக்கத்தில் எனக்கும் பழைய பத்திரிகை என்றால் கை சும்மா இருக்காது. முதலில் சொந்தக்காரர்கள் கேட்டார்கள், பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள்: "எங்க ஆளு பேரு அதுல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்களேன்." ஏழெட்டு வருடமாக அதே கேள்விகள்தான். வாட்சாப்பில் ஒவ்வொருவருக்கும் தட்டித் தட்டி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். 1900க்கும் 1930களின் கடைசிக்கும் இடைப்பட்ட காலத்து மலாயா, சிங்கப்பூர்ப் பத்திரிகைகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

1. குடும்ப அறிவிப்புன்னா என்ன? மரணச் செய்தி மட்டும்தானா?

பிறப்பு, திருமணம், மரணம் மூன்றும்தான். ஆங்கிலப் பத்திரிகைகளில் இவற்றுக்கென்று ஒரு ஒல்லியான பத்தி இருக்கும். காசு கட்டிப் போடுவது, மூன்று நான்கு வரிக்கு மேல் போகாது. மரணத்துக்குப் பின்னால் இரண்டு வால் வரும்: வந்தவர்களுக்கும் மலர் வளையம் அனுப்பியவர்களுக்கும் நன்றி, அடுத்த வருடம் நினைவு நாள். மரணத் தேதியில் ஒன்றும் கிடைக்காதவர்கள் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள்.

தமிழ் அறிவிப்பு என்றால் வினைச்சொல்லை வைத்தே வீட்டைச் சொல்லிவிடலாம். சிவபதம் அடைந்தார், வைகுண்ட பதவி அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையானார், வபாத்தானார். சடங்குக்கு நாள் குறிக்கும் இடத்தில் அந்தியேட்டி என்று இருந்தால் யாழ்ப்பாணத்து வீடு, கருமக்கிரியை என்றால் பெரும்பாலும் நம்ம தமிழ்நாட்டுப் பக்கம்.

2. எந்தப் பேப்பர்ல தேடணும்? எங்க போய்ப் பாக்கணும்?

பினாங்கு ஆள் என்றால் பினாங் கெஸட் (1838 முதல்), ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ (1903 முதல்). கோலாலம்பூர் என்றால் மலாய் மெயில், 1896 டிசம்பர் 14இல் தொடங்கியது. சிங்கப்பூரில் அச்சான ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸையும் விட வேண்டாம், நம் ஊர் அறிவிப்புகள் அங்கேயும் போகும். தமிழில், கோலாலம்பூரில் 1924 செப்டம்பர் 10இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு. அதற்கு முன்பும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ப் பத்திரிகைகள் வந்தன. ஆனால் அவற்றில் நிறைய அற்பாயுசு, இதழ்களும் முழுதாக மிஞ்சவில்லை.

வீட்டிலிருந்தே பார்க்க, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளம். ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ, பினாங் கெஸட், தமிழ் முரசு எல்லாம் அதில் உண்டு. தமிழ் நேசனுக்கு கோலாலம்பூர் தேசிய நூலகத்திலோ மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலோ மைக்ரோபிலிம் கேட்க வேண்டும். போகும்போது ஒரு குளிராடை எடுத்துப் போங்கள், அந்த அறைகளில் ஏர்கான் விறைக்க வைக்கும்.

3. முதல் பக்கம் பூரா விளம்பரமா இருக்கு. செய்திப் பக்கத்தை யாராவது கிழிச்சிட்டாங்களா?

கிழிக்கவில்லை. அன்றைய வழக்கமே அதுதான். லண்டன் டைம்ஸ் 1966 வரை, சென்னை ஹிந்து 1958 வரை முதல் பக்கத்தில் விளம்பரம்தான் போட்டன. கப்பல் எப்போது புறப்படும், என்ன சரக்கு இறங்கியது, எது ஏலம் போகிறது என்பவைதான் துறைமுக ஊர்க்காரனுக்கு அவசரச் செய்தி.

4. எங்க தாத்தா 1918ல செத்தாரு. மாசக் கணக்கா தேடுறேன், பேரே இல்ல. அவ்வளவு சாதாரண ஆளா அவரு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் குரலில் ஒரு வலியும் இருக்கும். சாதாரண ஆள், பெரிய ஆள் என்பதல்ல விஷயம். அறிவிப்பு போடுவது ஆங்கிலம் படித்தவர்களின் பழக்கமாக இருந்தது. தமிழர்களில் ரயில்வே, தபால், கஜானா, ஆஸ்பத்திரி உத்தியோகத்தில் இருந்த கிராணிமார் (குமாஸ்தாக்கள்) போட்டார்கள். அவர்களில் யாழ்ப்பாணத்தார் அதிகம். கடைக்காரர், கங்காணி, துறைமுகத் தொழிலாளி வீட்டில் இதற்குக் காசு செலவழிக்க ஒரு காரணமும் இல்லை. காலையில் உயிர் போனால் மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். நாளைக்கு வரும் பேப்பர் யாருக்கு? ஆள் விட்டுச் சொல்வதுதான் நம் முறை. ஊருக்கு ஒரு தந்தி, பிறகு கருமாதிப் பத்திரிகை.

அந்தப் பத்திரிகையும் வீட்டில் தங்காது. கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்போம், சாவுக் கடுதாசியைப் படித்த கையோடு கிழித்துப் போடுவோம். இழவு ஓலையை வீட்டுக்குள் வைக்கலாமா என்று பாட்டி கத்தியது எனக்கே நினைவிருக்கிறது. நம் கல்யாணங்களுக்குக் காகிதம் மிஞ்சியிருப்பதும் சாவுகளுக்கு மிஞ்சாததும் இதனால்தான்.

1918 என்றால் இன்னொன்றும் உண்டு. அந்த வருடக் கடைசியில் விஷக் காய்ச்சல் தோட்டங்களையும் பட்டணங்களையும் வாரிக்கொண்டு போனது. பத்திரிகையில் வந்தவை எண்ணிக்கைகள், பெயர்கள் இல்லை. மரணப் பத்தியை மூடிவிட்டு விளம்பரப் பக்கத்துக்கு வாருங்கள். அதை 9ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

5. "இன்னாரின் மனைவிக்கு ஆண் குழந்தை"ன்னு போட்டிருக்கு. எங்க பாட்டி பேரு எங்க?

போடுவதில்லை. புருஷன் பெயர், அவர் உத்தியோகம், ஊர், பிள்ளை ஆணா பெண்ணா, அவ்வளவுதான். தாய்க்கும் பெயர் கிடையாது, குழந்தைக்கும் கிடையாது. வெள்ளைக்காரர் வீட்டு அறிவிப்பும் இதே அச்சுதான், நம்மவர்கள் பார்த்துப் பழகிப் போட்டார்கள். பாட்டி பெயர் வேண்டுமானால் பிறப்புப் பதிவேடு, கோயில் அல்லது சர்ச் ஏடு, சொத்துப் பத்திரம்.

6. மரண அறிவிப்பு அடியில "சிலோன் பேப்பர்ஸ் பிளீஸ் காப்பி"ன்னு ஒரு வரி இருக்கு. யாருக்குச் சொல்றாங்க?

இலங்கைப் பத்திரிகைகளுக்கு. "இதை நீங்களும் எடுத்துப் போடுங்கள், சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்" என்று அர்த்தம். இந்தியப் பத்திரிகைகள் என்று இருந்தால் ஊர் தமிழ்நாட்டுப் பக்கம். நான்கு சொல்தான், ஆனால் குடும்பம் கடல் தாண்டி எந்தக் கரையில் வேர் விட்டிருந்தது என்று அதில் தெரிந்துவிடும். பார்த்ததும் அந்தக் கரைப் பத்திரிகைகளையும் தேடுங்கள், சில சமயம் அங்கே கூடுதலாக இரண்டு வரி கிடைக்கும்.

7. தேதி ஒண்ணும் புரியல. "4 இன்ஸ்ட்"ங்கிறாங்க, "ராட்சச ௵"ங்கிறாங்க.

இன்ஸ்ட் என்றால் இந்த மாதம், அல்ட் என்றால் போன மாதம், பிராக்ஸ் என்றால் வரும் மாதம். மூன்றும் லத்தீன் சொற்களின் சுருக்கம். பத்திரிகை 2ஆம் தேதியுடையதாக இருந்து அதில் "28 அல்ட்" என்றால் இறந்தது போன மாதம் 28. இதைக் கவனிக்காமல் தாத்தா திதியை ஒரு மாதம் தள்ளி வைத்துக் கொடுத்துவந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

தமிழில் ௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. "ராட்சச ௵ ஆவணி ௴ 12 ௳" என்றால் 1915 ஆகஸ்டு கடைசி வாரம். தமிழ் வருடப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். 1855ம் ராட்சசதான், 1975ம் ராட்சசதான், ஆகவே மற்ற அடையாளங்களோடு ஒட்டிப் பாருங்கள். சித்திரைக்கு முன் வரும் தை, மாசி, பங்குனிக்கு ஆங்கில வருடம் ஒன்று கூடிவிடும். முஸ்லிம் வீட்டு அறிவிப்பில் ஹிஜ்ரி இருக்கும். ஹிஜ்ரி 1333 என்பது 1914 நவம்பரிலிருந்து 1915 நவம்பர் வரை.

8. பேரை அடிச்சுத் தேடினா ஒண்ணும் வரமாட்டேங்குது.

நீங்கள் அடிக்கும் எழுத்தில் அவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள். பிள்ளை என்பது ஆங்கிலத்தில் ஐ-யிலும் முடியும், ஒய்-யிலும் முடியும். ழ வந்தால் எல், ஆர், இஸட் மூன்றையும் முயல வேண்டும். மரைக்காயர் மரிக்கானாகவும், ராவுத்தர் ரௌதராகவும் நிற்பார்கள். அப்பா பெயர் ஓர் இடத்தில் முன்னெழுத்து, இன்னோரிடத்தில் முழுப்பெயர், மூன்றாவதில் அதுவே ஆள் பெயர். பெயரை விட்டுவிட்டுத் தெரு, தொழில், ஊர் என்று தேடினால் சீக்கிரம் அகப்படும். சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைய ஆங்கிலப் பத்திரிகைகள் தென்னிந்தியரை "கிளிங்" என்று எழுதின. வசைச்சொல்தான், வாயில் வராது. ஆனாலும் தேடும் பெட்டியில் அதையும் அடித்தாக வேண்டும்.

தமிழ்ப் பக்கத்தில் வேறு தொல்லை. பழைய ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டவை, றா, னா சுழித்தவை. இயந்திரம் அவற்றைக் கண்டபடி படித்து வைக்கும். தமிழ் இதழ்களைத் தேடும் பெட்டியை நம்பாமல் பக்கம் பக்கமாகக் கண்ணால் பாருங்கள்.

9. கடை விளம்பரத்துல எங்க குடும்பத்துக்கு என்ன இருக்கப் போவுது? சோப்பு விலைதானே?

என் அனுபவத்தில் பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் மரணப் பத்தியில் கிடைத்ததைவிட விளம்பரத்தில் கிடைத்ததுதான் அதிகம். செத்ததைச் சொல்லக் காசு கொடுக்காதவர்கள், சரக்கு வந்ததைச் சொல்லக் கொடுத்தார்கள். ஜவுளி, நகை, அச்சகம், புத்தகம், சாப்பாட்டுக் கடை, ஹஜ் பயணச் சீட்டு, நாட்டு மருந்து என்று எல்லாம் வந்தது.

என் தாத்தாவின் அண்ணன் பினாங் ஸ்திரீட்டில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். அவர் எப்போது வந்தார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரு வருடம் சொல்வார்கள். கடைசியில் கிடைத்தது தீபாவளிக்கு முன்னால் வந்த இரண்டு அங்குல விளம்பரம். "இப்போது வந்த கப்பலில் இறங்கிய" என்று தொடங்கி சேலம் வேஷ்டி, கும்பகோணம் சேலை, ஜரிகைத் துப்பட்டா, கீழே "வெளியூர் ஆர்டர்கள் வி.பி.பி.யில் அனுப்பப்படும்" (சரக்கு கைக்கு வந்ததும் தபால்காரரிடம் காசு கட்டும் முறை), அதற்கும் கீழே கடை எண், தெரு, அவர் பெயரோடு இன்னொரு பெயர். அந்த இன்னொருவர் பங்காளி என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. "சேலை"யில் வரும் லை மட்டும் வேறு அளவு எழுத்தாக இருந்தது. கோத்தவரின் பெட்டியில் லை தீர்ந்துபோய்ப் பக்கத்துப் பெட்டியில் எடுத்திருக்கிறார். அப்பாவிடம் காட்டியிருந்தால் சிரித்திருப்பார்.

அதே விளம்பரம் பதினொரு மாதம் ஓர் எழுத்து மாறாமல் வந்தது. கோத்த எழுத்தைக் கலைக்காமல் கட்டி வைத்து, இதழுக்கு இதழ் எடுத்துப் போடுவார்கள். ஆகவே விளம்பரம் முதலில் வந்த நாளுக்குத்தான் மதிப்பு. கடைசியாக வந்த நாளைக் கடை மூடிய நாள் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பட்டியலில் உள்ள சரக்கும் அப்போது கடையில் இருந்ததோ இல்லையோ.

10. "சாப்" இன்னாருன்னு ஒரு பேரு வருது. அப்புறம் செட்டியாரு பேருக்கு முன்னால அஞ்சு எழுத்து. இதெல்லாம் ஆளா, கடையா?

சாப் என்று தொடங்கினால் கடைப் பெயர், ஆள் பெயர் இல்லை. சீனர் கடைகளுக்கு வைக்கும் மங்களப் பெயர் அது. முதலாளிக்கு வேறு பெயர் இருக்கும். உங்கள் தாத்தா "சாப்" ஒன்றில் கணக்கு எழுதினார் என்றால் தவ்கே பெயரைத் தனியாகத் தேட வேண்டும்.

செட்டியார் எழுத்துகள் விலாசம். மூனா, ரூனா, ஆவன்னா என்று வாயால் சொல்வார்கள். பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகள் அவை, தொழிலின் முத்திரையும் அதுவே. ஆங்கில நோட்டீசில் அதே எழுத்துகள் ஆங்கில எழுத்தாகி நிற்கும். ஒரு விலாசத்தில் அடுத்தடுத்துப் பல ஏஜெண்டுகள் வந்து போயிருப்பார்கள். விலாசம் கிடைத்துவிட்டது என்பதற்காக ஆளும் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

எஸ்.எஸ். என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. கப்பல் பெயருக்கு முன்னால் வந்தால் நீராவிக் கப்பல், பினாங்குக்குப் பின்னால் வந்தால் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் காலனி. கோலாலம்பூருக்குப் பின்னால் எஃப்.எம்.எஸ். வரும், அது 1896இல் அமைந்த மலாய் ராஜ்யக் கூட்டமைப்பு.

11. எங்க பாட்டனாருக்குக் கொடுத்த பவரை ரத்து பண்ணிட்டதா நோட்டீஸ் இருக்கு. ஏதாவது திருட்டுத்தனமா?

பதறாதீர்கள். இந்தத் தப்பை நானே செய்தவன். பல வருடம் முன்பு ஒரு வீட்டாருக்கு இப்படி ஒரு நோட்டீஸ் எடுத்துக் கொடுத்து, "ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த வீட்டு மூத்தவர் ஒரு வாரம் தூங்கவில்லையாம்.

நடந்தது இதுதான். ஊரில் இருக்கும் செட்டியார் முதலாளி இங்கே தன் கிட்டங்கிக்கு (வட்டித் தொழில் நடக்கும் இடம்) ஓர் ஏஜெண்டை அனுப்புவார், பொதுவாக மூன்று வருடத் தவணை. கடன் கொடுக்க, வாங்க, வழக்குப் போட அவருக்குப் பவர் எழுதித் தருவார். தவணை முடிந்து கணக்கு ஒப்படைத்துக் கப்பல் ஏறும்போது, பழைய பவர் ரத்து, இனி இன்னாரே ஏஜெண்டு என்று ஆங்கிலப் பத்திரிகையில் நோட்டீஸ் போட வேண்டும். போடாவிட்டால் பழைய ஆளிடம் பணம் கட்டியவன் நாளைக்குக் கோர்ட்டில் நிற்பான். ஒரே நோட்டீசில் பழையவர் பெயரும் புதியவர் பெயரும் இருந்தால் அனேகமாக முறைப்படியான மாற்றம். தவணை நடுவில், புதியவர் பெயர் இல்லாமல், "இவரோடு செய்யும் எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று கடுமையாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

வம்சம் தேடுகிறவர்களுக்கு இந்த நோட்டீஸ் பெரிய வரம். ஓர் ஆள் எந்தத் தேதியில் வந்தார், எந்தத் தேதியில் போனார் என்று இரு முனையும் தெரிகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

12. செருப்பு 2 வெள்ளி 50 காசுன்னு போட்டிருக்கு. அது சீப்பா?

இல்லவே இல்லை. வெள்ளி என்றால் இந்த ஊர் டாலர், நூறு காசு கொண்டது. 1920களின் பிற்பகுதியில் ரயில், ரோடு வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தச் செருப்பு ஓர் ஆணின் ஐந்து நாள் உழைப்பு. ரூபாய்க் கணக்கு வேண்டுமென்றால், 1906இல் வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது, ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ். அதாவது ஒரு வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ரூபாய். முதல் உலகப் போரின் பிற்பகுதியிலிருந்து ரூபாய் ஏறி இறங்கியதால் இந்தக் கணக்கை அதற்கு முந்திய விலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர் கடைகளில் சிட்டு எழுதிக் கொடுத்து மாதக் கடைசியில் கட்டுவது வழக்கம். ஒயிட்அவே லெய்ட்லா மட்டும் கைமேல் காசு கேட்கும் கடை. பெயரை வைத்தே கேலி செய்வார்களாம்.

13. மருந்து விளம்பரத்துல எங்க பெரியப்பா பேரு, வேலை, ஊரு எல்லாம் இருக்கு. நெசமா?

டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் மாத்திரை போன்ற கம்பெனிகள் செய்தி மாதிரியே நற்சாட்சி விளம்பரம் போட்டன. "இன்ன ஆபீஸ் கிராணி ஒருவர் வருடக் கணக்காக நடக்க முடியாமல் கிடந்தார்" என்று கதை தொடங்கும், கடைசி வரியில் மாத்திரை வரும். அந்த மாத்திரையில் இருந்தது பெரும்பாலும் இரும்பு உப்பு. அது தீர்த்ததாகச் சொன்ன வியாதிகளோ பக்கம் கொள்ளாது.

பெயரும் வேலையும் ஊரும் உண்மையாக இருக்கலாம், வியாதிக் கதையை நம்ப வேண்டாம். கம்பெனிக்காரன் எழுதிய வாசகம் அது. முகவரியைக் குறித்துக்கொண்டு அரசாங்க உத்தியோகப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

14. விளம்பர முகவரிக்குப் போனா அந்த நம்பர்ல வேற ஏதோ இருக்கு.

தெருப் பெயரும் மாறியது, நம்பரும் மாறியது. பினாங்கில் பிட் ஸ்திரீட்டின் பெரும்பகுதி இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங், பீச் ஸ்திரீட் லெபோ பந்தாய், மார்க்கெட் ஸ்திரீட் லெபோ பாசார். கோலாலம்பூரில் பத்து ரோடு என்பது ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், ஹை ஸ்திரீட் என்பது ஜாலான் துன் எச்.எஸ். லீ. நம்பருக்கு மாற்றுப் பட்டியல் தேடி அலைவதைவிட, விளம்பரத்தில் "மாரியம்மன் கோயிலுக்கு எதிரில்" போல ஏதாவது இருக்கிறதா பாருங்கள். குயின் ஸ்திரீட் கோயில் 1833இலிருந்து அங்கேயேதான் இருக்கிறது.

15. இதைக் காட்டிப் பதிவிலாகாவுல பிறப்புப் பத்திரம் வாங்கலாமா?

அறிவிப்பு மட்டும் போதாது. காசு கொடுத்தவர் சொன்னதை அச்சடித்தார்கள், சரிபார்க்கவில்லை. ஆனால் எந்த வருடம், எந்த வட்டாரப் பதிவேட்டைப் புரட்டுவது என்று அது காட்டும்.

16. "என் மனைவி வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பல்ல"ன்னு தாத்தா போட்ட நோட்டீஸ் கிடைச்சிருக்கு. குடும்ப குரூப்புல போடலாமா?

இந்தமாதிரி நோட்டீஸ் அன்றைக்கு எல்லா இனத்தாரும் போட்டார்கள். பெண்டாட்டி கடைக்குப் போய்க் கணக்கில் எழுதச் சொன்னால் புருஷன் தலையில் விழும் என்பதால் வக்கீல் சொல்லிக் கொடுத்த வாசகம் அது, எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதில் பேசுவது புருஷன் ஒருவன்தான். பாட்டி பதிலுக்கு நோட்டீஸ் போடவில்லை. 5ஆம் கேள்வியில் பார்த்த அதே பத்திரிகைதான், பிள்ளை பெற்றபோது போடாத அவள் பெயரை இங்கே மட்டும் முழுசாகப் போட்டிருக்கும்.

என்னைக் கேட்டால், குரூப்பில் போடுவதற்கு முன் அவர்கள் பிள்ளைகளில் யாராவது உயிரோடு இருந்தால் அவரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். போன வருடம் ஒருவர் அப்படி ஓர் அத்தையிடம் காட்டியபோது, அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "ஆமா, அந்த வருஷந்தான் அம்மா தனியா இட்லிக் கடை போட்டுச்சு" என்றாராம். பிறகு கடை எந்த முச்சந்தியில் இருந்தது, முதல் போட யார் கொடுத்தது எல்லாம் வந்தது. நோட்டீசைக் காட்டியவர் இப்போது அந்தத் தெருவின் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.